லங்காஷயர் பருத்திப் பஞ்சமும் திருநெல்வேலிப் பருத்தியும்

லங்காஷயர் பருத்திப் பஞ்சம் என்பது, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளுக்குப் பருத்தி வரத்து தடைப்பட்டதால் ஏற்பட்ட நெருக்கடியாகும். ஒரே நாட்டின் சரக்கை நம்பியிருந்த ஆலைகள் இக்காலத்தில் இந்தியா, எகிப்து, பிரேசில் முதலிய நாடுகளின் பக்கம் திரும்பின. அவ்வாறு வாங்கப்பட்டவற்றுள் தூத்துக்குடி வழியாகச் சென்ற திருநெல்வேலிப் பருத்தியும் ஒன்று.

பின்னணி

போருக்கு முன் பிரித்தானிய ஆலைகள் பயன்படுத்திய பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. இச்சார்பின் ஆபத்து முன்பே உணரப்பட்டிருந்தது. வேறு நாடுகளில் பருத்தி விளைச்சலைப் பெருக்க 1857-ல் மான்செஸ்டரில் பருத்தி வழங்கல் சங்கம் தொடங்கப்பட்டது. ஆனால் அமெரிக்கப் பருத்தி மலிவாகக் கிடைத்தவரை, மாற்று நாடுகளில் பெரிய அளவில் முதலீடு செய்ய ஆலை முதலாளிகள் முன்வரவில்லை.

1861 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன் தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட ஆணையிட்டார். 1862-ல் லங்காஷயரில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தனர். லிவர்பூல் சந்தையில் பருத்தி விலை, போர்க்கால உச்சத்தில் முன்பிருந்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

திருநெல்வேலிப் பருத்தி

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இன்றைய தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களும் அடங்கியிருந்தன. மாவட்டத்தின் வேளாண்மை இரு வகைப்பட்டது. அம்பாசமுத்திரம் முதல் திருவைகுண்டம் வரையிலான தாமிரபரணிக் கரையில் அணைக்கட்டு, வாய்க்கால், குளப் பாசனத்தால் நெல் விளைந்தது. வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் மண்ணில் மழையை நம்பிக் கம்பு, சோளம், பருத்தி ஆகியவை பயிரிடப்பட்டன. உப்பம், கருங்கண்ணி ஆகியவை இங்கு விளைந்த நாட்டுப் பருத்தி வகைகள்.

வடகிழக்குப் பருவமழையில் விதைத்த பருத்தி, மாசி பங்குனிக்குப் பின் பறிப்புக்கு வரும். கொட்டை நீக்கிய பஞ்சு மாட்டு வண்டிகளில் தூத்துக்குடி சென்றது. அங்கே கரையோரக் கடல் ஆழமற்றது என்பதால், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, பொதிகள் தோணிகளில் கொண்டுபோய் ஏற்றப்பட்டன. சூயஸ் கால்வாய் திறக்கப்படாத அக்காலத்தில், கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே இங்கிலாந்து செல்ல வேண்டும். பொதி ஏறும்போது இருந்த விலை, பல மாதங்கள் கழித்து அது இறங்கும்போது இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மாற்றுச் சரக்கின் சிக்கல்கள்

லங்காஷயர் இயந்திரங்கள் நீண்ட இழை கொண்ட அமெரிக்கப் பருத்திக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. இந்தியப் பருத்தியின் குட்டை இழை அவற்றில் அடிக்கடி அறுந்தது. வேலை அளவுக்கேற்பக் கூலி பெற்ற தொழிலாளரின் வருமானமும் இதனால் குறைந்தது. இந்தியப் பருத்தி வகைகள் பொதுவாக 'சூரத்' என்று அழைக்கப்பட்டன. நாளடைவில் அச்சொல் மட்டமான சரக்கைக் குறிக்கும் வசையாகவே மாறியது. விலையேற்றம் கலப்படத்தையும் வளர்த்தது. இதைத் தடுக்க பம்பாய் மாகாணத்தில் 1863-ல் பருத்தி மோசடித் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

போருக்குப் பின்

1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. பம்பாயில் பருத்திப் பணத்தால் வீங்கியிருந்த பங்குச் சந்தை வீழ்ந்தது. அடுத்த ஆண்டுகளில் லங்காஷயர் மீண்டும் அமெரிக்கப் பருத்திக்குத் திரும்பியது. 1872-ல் பருத்தி வழங்கல் சங்கமும் கலைந்தது.

போர்க்காலத்தில் தேவைப்பட்ட வசதிகள் அதன் பிறகே வந்தன. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1876-ல் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் வந்தது. விலைச் சரிவின் சுமை இரு பகுதிகளிலும் ஒரே அளவில் விழவில்லை. ஆற்றுப்பாசனத்தில் விளைந்த நெல் உள்ளூரிலேயே உணவானது. கரிசல் விவசாயிக்கோ பருத்தி விற்றால்தான் காசு.

உள்ளூர்ச் சந்தை

திருநெல்வேலிப் பருத்திக்கு நிலையான தேவை பின்னர் அருகிலேயே உருவானது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் நீர்விசையைக் கொண்டு இயங்கும் நூற்பாலையை நிறுவினர். தூத்துக்குடியில் கோரல் ஆலையும் எழுந்தது. இவ்வாலையில்தான் 1908-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை ஆதரவுடன் புகழ்பெற்ற வேலைநிறுத்தம் நடந்தது. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், கருங்கண்ணிப் பருத்தியை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டது.

முக்கியத்துவம்

இறக்குமதிக்கு ஒரே நாட்டை நம்பலாகாது என்பதற்கு லங்காஷயர் பஞ்சம் ஒரு முற்கால எடுத்துக்காட்டு. இன்று ஒரே நாட்டின் தொழிற்சாலைகளிலிருந்து பொருள் வரவழைக்கும் இணைய வணிகர்களின் நிலையும் இதை ஒத்ததே. நெருக்கடி வந்தபின் தேடிய மாற்று, விலை உயர்ந்ததாகவும் தரம் ஒவ்வாததாகவும் இருந்தது. நெருக்கடி தீர்ந்ததும் அது கைவிடப்பட்டது. வாங்கியவருக்கு அது நான்காண்டுத் தற்காலிக ஏற்பாடு. விளைவித்தவருக்கோ, உயர்ந்த விலையை நம்பி விதைத்த நிலமும் பட்ட கடனும் போருக்குப் பின்னும் தொடர்ந்தன.