இரண்டு வயரில் ஒரு குரல்

மறைந்த கவிஞர் ஒருவருக்கு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவருடைய குரலையே ஒலிக்கவிடலாம் என்று நண்பர்கள் முடிவு செய்திருந்தார்கள். லேப்டாப்பில் ஒலிப்பதிவு தயார். மைக்செட்காரர் வயரை மிக்ஸரில் செருகினார். திரையில் கோடுகள் ஏறி இறங்குகின்றன. ஒலிபெருக்கியில் ஒண்ணுமே இல்லை. கூட்டம் இதை மௌன அஞ்சலி என்று எடுத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றது. கடைசியில் அவர் ஓடிவந்து, செருகிய பின்னைப் பாதி வெளியே இழுத்துப் பிடித்தார். கவிஞர் ஒரு வரியின் நடுவிலிருந்து பேசத் தொடங்கினார். பிறகு விசாரித்தேன். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்துது சார். அப்படி வந்தா மிக்ஸர் அதை இரைச்சல்னு நெனச்சுத் தள்ளிடும்” என்றார்.

அமைப்பியல் பற்றிப் பதினைந்து வருஷமாக வாசித்தும் பேசியும் வருகிற எனக்கு இந்த வாக்கியம் புதுசு.

மிக்ஸரின் ‘பேலன்ஸ்டு’ துளை ஒரு குரலை இரண்டு வயர்களில் வாங்குகிறது. ஒன்றில் குரல், மற்றதில் அதே குரல் தலைகீழாக. இவ்விரண்டையும் சுற்றி மூடிய உலோக வலை மூன்றாவது. வழியில் மின்விளக்கும் மின்கம்பியும் ஏற்றுகிற இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே அளவில், ஒரே திசையில் ஏறுகிறது. மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. இரைச்சல் அடிபட்டுப்போக, எதிரெதிராக வந்த குரல்கள் கூடிக்கொள்கின்றன. லேப்டாப்பிலிருந்து வந்த ஸ்டீரியோ வயரோ இடது, வலது என்று இரண்டிலும் ஒரே குரலை நேராகவே அனுப்பியது. கழித்தால் பூஜ்யம். பார்வைக்கு இரண்டு பின்னும் ஒன்றுதான்: கால் அங்குலக் குண்டு உலோகம், அதில் இரண்டு கறுப்பு வளையம். ஒரே குறிப்பான், குறிப்பீடு வேறு.

இந்தக் கழித்தல் கணக்கு மேடைக்காகவோ இசைக்காகவோ பிறந்ததல்ல. ஆரம்பகாலத் தொலைபேசி தந்தியைப் பார்த்துக் காப்பியடித்தது: போவதற்கு ஒரே கம்பி, திரும்புவதற்குப் பூமி. 1880களின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. டிராமின் மின்னோட்டமும் அதே பூமி வழியாகத் திரும்ப, தொலைபேசிக்குள்ளும் டிராம் ஓடியது. ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டைக் கம்பிக்கு கிரகாம் பெல் 1881லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் கம்பியை இரண்டாக்கினால் செலவும் இரண்டாகும். இரைச்சல் தாங்கமுடியாத அளவுக்குப் போன பிறகுதான் கம்பெனிகள் மெல்ல மெல்ல மாறின.

கால் அங்குலப் பின்னும் அங்கிருந்தே வருகிறது. ரிச்சி தெருவில் பி-38 என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். 1878 ஜனவரி 28இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் தொடங்கியது. முதலில் வேலைக்கு வைத்தது பையன்களை. அவர்கள் சந்தாதாரர்களிடம் துடுக்காகப் பேசினார்கள் என்று, அதே வருஷம் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை அமர்த்தினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அது பெண்களின் வேலையானது. பலகைமுன் உட்கார்ந்து, அழைப்பு வந்ததும் பின்னை எடுத்துத் துளையில் செருக வேண்டும், பேச்சு முடிந்ததும் பிடுங்க வேண்டும், நாள் முழுக்க. பின் குண்டாக இருப்பது இதற்குத் தோதானது. எந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாலும் நுழையும். கண் பார்க்கத் தேவையில்லை. சென்னையில் தொலைபேசி நிலையம் திறந்தது 1882இல், தற்செயலாக அதே ஜனவரி 28. மிக்ஸரில் நாம் செருகுவது அந்தப் பெண்களின் கைக்குப் பழகிய உருவத்தை.

அவர்கள் பெயர் அதில் இல்லை. இருப்பது வேறொன்று. மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பான், லாஸ் ஏஞ்சலஸில் ஜேம்ஸ் கேனன் 1915இல் தொடங்கிய கம்பெனியின் வழிவந்தது. அதன் முள் உள்ள முனை ஆண், துளை உள்ளது பெண் என்று உலகம் முழுக்க வழங்குகிறது. தருவது ஆண், வாங்குவது பெண். ஆனால் மின்சாரம் இந்தச் சொல்லாடலை அவ்வளவாக மதிப்பதில்லை. 1966இல் நோய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்குத் தந்த டிரான்சிஸ்டர் மைக்குக்கு மின்சாரம் தேவைப்பட்டது. அங்கே அவசர விளக்குக்காக ஏற்கெனவே இருந்த 48 வோல்ட்டையே குரல் வரும் வயரில் எதிர்த்திசையில் அனுப்பினார்கள். இன்றைய மிக்ஸர்களில் ‘+48’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது நார்வேக்காரர்களின் இருட்டு. அதை அழுத்தினால் தருவது துளைப்பக்கம்தான்.

மொழியில் இருப்பவை வேறுபாடுகள் மட்டுமே என்றார் சசூர். இந்த வயரைக் காட்டி, பாருங்கள், குரல்கூட வேறுபாடாகத்தான் வந்து சேருகிறது என்று கட்டுரையை முடித்துவிடலாம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மொழியின் வேறுபாட்டை யாரும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. இந்த வயரின் வேறுபாடு ஒரு கம்பெனி, டிராமோடு போட்ட சண்டையில், செலவுக்கணக்குப் பார்த்துச் செய்த ஏற்பாடு. இரண்டிலும் பொதுவாக வருவது இரைச்சல் என்று முதலிலேயே தீர்ப்பெழுதிவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்குகிறது. அந்தத் தீர்ப்பு டிராமுக்குச் சரி. செத்துப்போனவனின் குரல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தால் அதற்கும் அதே தீர்ப்புதான். நம்முடைய மேடைப்பேச்சு வரலாறுகள் பேச்சாளர்களை வரிசையாக நிறுத்துகின்றன. எது குரல், எது சத்தம் என்று மேடையோரத்தில் ஒருவர் கையால் தீர்மானித்துக்கொண்டிருந்ததைப் பற்றி அவற்றில் பேச்சே கிடையாது. ஒலிபெருக்கியைக் குறிப்பிடுகிறவர்களும் அதை நவீனத்துவத்தின் குறியீடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “இதுக்குன்னு தனி வயர் இருக்கு சார், அவசரத்துல வீட்ல வச்சிட்டு வந்துட்டேன்” என்றார். பதிவின் முன்பாதியில் என்ன கவிதை இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டார்கள்.