சேணத்திலிருந்து இறங்கிய குதிகால்



கள்ளக்குறிச்சியில் நிக்காஹ் நடைபெறும் மண்டபங்களின் வாசலில் ஒரு காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். விருந்து முடிந்து வெளியே வரும் இளம்பெண்கள் சிலர், ஹை ஹீல்ஸ் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெறுங்காலுடன் நடக்கிறார்கள். சில மணி நேரத்திலேயே கால் மறுத்துவிடும் இச்செருப்பு எங்கிருந்து வந்தது?

உயரமாகத் தோன்றும் ஆசை மிகப் பழையது. பனூ இஸ்ராயீல் சமூகத்தில் குள்ளமான ஒரு பெண், உயரமான இரு பெண்களுக்கிடையே நடப்பதற்காக மரத்தாலான காலணி செய்துகொண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆனால் இன்றைய குதியுயர் காலணியின் வரலாறு ஆண்களிடமிருந்து தொடங்குகிறது. பாரசீகக் குதிரை வீரர்கள், அங்கவடியில் பாதம் நழுவாமல் நின்று அம்பெய்வதற்காக அதனை அணிந்தனர். 1599ஆம் ஆண்டு ஷா அப்பாஸ் ஐரோப்பாவுக்குத் தூதுக்குழுவை அனுப்பினார். அக்காலத்தில் பரவிய பாரசீக மோகத்தால் ஐரோப்பியப் பிரபுக்களும் அக்காலணியை அணியலாயினர். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் அவையில் சிவப்புக் குதி உயர்தகுதியின் அடையாளமாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஆண்கள் அதைக் கைவிட்டனர். பெண்களிடம் அது தங்கிவிட்டது. 1950களில் ஊசிபோன்ற 'ஸ்டிலெட்டோ' குதி பிறந்தது. சேணத்தில் அமர்வதற்கென உருவானது, இவ்வாறு நடப்பவர் காலில் ஏறியது.

விளைவு என்ன? கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து நடந்து இறங்கியவர்கள் அறிவார்கள்: உடல் முன்னே தள்ளப்படும், விரல்கள் செருப்பின் நுனியில் இடிக்கும், முழங்கால் கனக்கும். ஹை ஹீல்ஸ் அணிந்தவர் சமதரையிலும் ஏறக்குறைய அவ்வாறே ஓயாமல் மலையிறங்குகிறார். எடை குதிகாலைவிட்டு முன்பாதத்தில் விழுகிறது. குறுகிய முனையில் விரல்கள் நெருங்கிப் பெருவிரல் மூட்டு புடைக்கிறது. விழாமல் நிற்க உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது இடுப்பும் முதுகும் இறுகுகின்றன. ஆண்டுக்கணக்கில் அணிவோருக்குக் கெண்டைக்கால் தசைநார்கள் குறுகுவதால், தட்டையான செருப்பில் நடப்பதே வலி தருகிறது. முழங்கால் மூட்டின்மீது முறுக்கு விசை கூடுவதை 1998ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

முழங்காலின் அருமையை, நாற்காலியில் அமர்ந்து தொழும் நம் அன்னையரிடம் கேட்டால் சொல்வார்கள். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்க இயலாத ஏக்கம் அவர்களுக்குத்தான் தெரியும். கடைகளில் நாள் முழுவதும் நின்று பணியாற்றும் நம் பெண் பிள்ளைகள் இதை இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டு என்பதை நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்தின் பெயராலும் பறிக்கக் கூடாத அவ்வுரிமையை ஒரு செருப்புக்காக விட்டுக்கொடுக்கலாமா? தாழ்ந்த குதியும் அகன்ற முனையும் கொண்ட காலணியைத் தேர்ந்தெடுப்போம். நம் உடல் எனும் அமானிதத்தைப் பேணிக்காக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.