கர்ப்பகால நீரிழிவும் பிற்கால நீரிழிவுத் தடுப்பும்: ஒரு வரலாறு

கர்ப்பகால நீரிழிவு என்பது, கருவுற்றிருக்கும்போது முதன்முதலாகக் கண்டறியப்படும் இரத்தச் சர்க்கரை மிகுதியாகும். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையத்தால் கூடுதல் இன்சுலின் சுரக்க முடியாத பெண்களுக்கு இது வருகிறது. பிரசவம் முடிந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். "சரியாகிவிட்டது" என்று வீட்டார் நிம்மதி அடைவது இந்த இடத்தில்தான். ஆனால் கணையத்தின் அந்தக் குறை பிரசவத்தோடு போய்விடுவதில்லை. 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த தொகுப்பாய்வின்படி, இப்பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றத் தாய்மாரைவிட ஏறத்தாழ 10 மடங்கு.

மருத்துவ வரலாற்றில் இதன் முதல் பதிவாகக் கருதப்படுவது 1824இல் பெர்லினில் ஹைன்ரிக் பென்னெவிட்ஸ் எழுதிய ஆய்வேடு. ஐந்தாம் முறை கருவுற்ற 22 வயதுப் பெண் ஒருவருக்குச் சிறுநீரில் சர்க்கரை காணப்பட்டது. பிரசவத்திற்குப் பின் அது மறைந்தது. 12 பவுண்டு எடையுடன் பிறந்த குழந்தை பிழைக்கவில்லை. 1882இல் லண்டனில் மேத்யூஸ் டங்கனும், கர்ப்பத்தில் மட்டும் தோன்றி மறையும் நீரிழிவு உண்டு என்று எழுதினார். மறைந்த பிறகு அந்தத் தாய்க்கு என்ன ஆகும் என்ற கேள்வி முறையாக ஆராயப்படப் பல பத்தாண்டுகள் ஆயின.

அக்கேள்வியை எண்களால் அணுகியவர்கள் பாஸ்டன் மருத்துவர் ஜான் ஓ'சல்லிவனும் புள்ளியியலாளர் கிளேர் மேகனும் ஆவர். 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து மூன்று மணி நேரம் வரை இரத்தச் சர்க்கரையை அளந்து, எந்த அளவைத் தாண்டினால் நோய் எனக் கொள்ளலாம் என்று வரையறுத்தனர். அந்த வரையறை சரிதானா என்று பார்க்க, ஏற்கெனவே சோதிக்கப்பட்டு எட்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட வேறு 1,013 பெண்களிடம் அதைப் பொருத்திப் பார்த்தனர். அளவைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் நீரிழிவு வந்திருந்தது. 1964இல் வெளியான இக்கட்டுரையில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கர்ப்பகால நீரிழிவுக்கான முதல் அளவுகோல் குழந்தையின் எடையைக் கொண்டோ பிரசவச் சிக்கலைக் கொண்டோ அமைக்கப்படவில்லை. தாயின் எதிர்காலத்தைக் கொண்டே அமைக்கப்பட்டது.

பிற்பாடு கவனம் குழந்தையின் பக்கம் திரும்பியது. 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளிடம் நடந்து 2008இல் வெளிவந்த பெரிய ஆய்வு, தாயின் சர்க்கரை உயர உயரக் குழந்தைக்கான ஆபத்தும் உயர்வதைக் காட்டியது. இன்றைய பன்னாட்டு அளவுகோல்கள் அதன் அடிப்படையில் எழுந்தவை. அது தேவையான திருப்பம்தான். ஆனாலும் பிரசவ அறையோடு சிகிச்சை முடிந்துவிட்டது என்ற எண்ணம் வலுப்பட அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

வரப்போகும் நோயைத் தடுக்க முடியுமா என்பதற்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற பெயரில் 3,234 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பாக நடப்பது ஆகியவையே இலக்கு. 70 கிலோ எடையுள்ள ஒரு பெண் 5 கிலோ குறைத்தால் போதும். இப்படிச் செய்த குழுவில் நீரிழிவு 58 விழுக்காடு குறைந்தது. இவர்களுள் 350 பெண்கள் முன்பு கர்ப்பகால நீரிழிவு வந்தவர்கள். அந்தக் கர்ப்பம் முடிந்து சராசரியாக 12 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர்களின் கணக்கைத் தனியே எடுத்து 2008இல் வெளியிட்டார்கள். உணவு, நடைப் பழக்கங்களை மாற்றியவர்களிடம் நீரிழிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் அதே அளவு பயன் தந்தது. கர்ப்பகால நீரிழிவு வராத தாய்மாரிடம் அம்மாத்திரையின் பயன் வெறும் 14 விழுக்காடு. பத்தாண்டுக்குப் பின்னும் வாழ்க்கைமுறை மாற்றத்தின் பயன் 35 விழுக்காடு நின்றது.

தமிழ்நாட்டில் இந்த வரலாறு மருத்துவர் வி. சேஷய்யாவோடு தொடர்புடையது. கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுக்கும் எளிய சோதனையை அவர் வலியுறுத்தினார். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு தொலைவிலிருந்து பேருந்தில் வர முடியாத கர்ப்பிணிகளுக்கு இது பெரிய வசதி. 2007இல் தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. முந்தைய ஆண்டு, சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய ஆய்வு வெளியாகியிருந்தது. நடைப்பயிற்சி, சர்க்கரையையும் தீட்டிய தானியங்களையும் கொழுப்பையும் குறைத்தல், நார்ச்சத்தைக் கூட்டுதல் ஆகியவற்றால் நீரிழிவு 28.5 விழுக்காடு குறைந்தது. அதுவும் எடை பெரிதாகக் குறையாமலேயே. அதில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆகவே பிள்ளை பெற்ற பெண்களுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

பொருத்துவது எளிதல்ல என்பதை இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் 1,600 பேரளவில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கர்ப்பகால நீரிழிவு வந்த தாய்மாருக்குப் பிரசவத்திற்குப் பின் ஓராண்டு உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல் தரப்பட்டும், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. கொரோனா காலமும் குறுக்கிட்டது. கைக்குழந்தையோடு, இரவு உறக்கமின்றி, சமைப்பதும் பரிமாறுவதும் மாமியாரோ தாயாரோ என்ற நிலையில் ஒரு பெண் தன் உணவைத் தானே தீர்மானிப்பது கடினம். அமெரிக்க ஆய்வின் பெண்களுக்கோ பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள்.

பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும் என்பது இந்திய அரசின் வழிகாட்டுதல். அது விட்டுப்போக நம் வழக்கமும் ஒரு காரணமாகிறது. கர்ப்பத்தின்போது பதிந்தது கணவர் ஊரில், தலைப்பிரசவம் தாய்வீட்டில், திரும்புவது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ. ஆனால் குழந்தைக்குப் பென்டாவேலன்ட் தடுப்பூசியின் முதல் தவணையும் அதே ஆறாவது வாரத்தில்தான் வருகிறது. தாய் எந்த ஊரில் இருந்தாலும் அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகத்தான் போகிறார். அந்த இரண்டு மணி நேரத்தில் அவருடைய சோதனையையும் முடித்துவிடலாம்.