பழவேற்காடும் காட்டுப்பள்ளியும்: உலர்துறை இல்லாத கரையின் வரலாறு

தமிழர் கடலோடிய வரலாற்றை ஆராய்ந்தோர் கலங்கள் சென்ற நாடுகளையும் அவை ஏற்றிய பண்டங்களையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஓடித் தேய்ந்த கலம் எங்கே செப்பனிடப்பெற்றது என்னும் வினா அத்துணைக் கருதப்படவில்லை. இவ்வினாவைத் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டையும் காட்டுப்பள்ளியையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல்நீரில் கிடக்கும் கலத்தின் அடிப்பகுதி நாளடைவில் கெடுகின்றது. பாசியும் ஓட்டுடலிகளும் ஒட்டிக்கொண்டு அதன் விரைவைக் குறைக்கும். மரக்கலமாயின் கப்பற்புழு பலகையைத் துளைக்கும். இரும்புக் கலமாயின் துரு தகட்டை அரிக்கும். ஆதலின் கலத்தை நீரினின்றும் பிரித்து, ஏரா முதல் சுக்கான் வரை நோக்கிச் சீர்செய்தல் வேண்டும். இன்றைய வணிகக் கப்பல்களின் அடிப்பகுதியை ஐந்தாண்டுக்குள் இருமுறை ஆராய்தல் வேண்டும் என்பதும், இரு ஆய்வுகளுக்கு இடையே 36 திங்களுக்கு மேல் செல்லலாகாது என்பதும் பன்னாட்டு விதிகளாகும். இப்பணிக்கென அமைந்த இடமே உலர்துறை எனப்படும்.

இத்தகைய துறை சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் அமையாமைக்குத் தொழிலறிவின் குறையே காரணம் எனக் கருதுதல் பொருந்தாது. சாவக நாட்டு மன்னன் புண்ணியராசன் மணிபல்லவம் செல்வதற்குக் கலம் சமைக்கும் கம்மியரை அழைத்த செய்தியை மணிமேகலை கூறுகின்றது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழியாக 1950-ஆம் ஆண்டில் வெளிவந்த கப்பல் சாத்திரம், மரங்களின் இயல்பையும் கலத்தின் அளவுகளையும் விரித்துரைக்கின்றது. பலகைகளின் இடுக்கை நாரும் எண்ணெயும் கொண்டு அடைக்கும் கலப்பற்று வேலை நம் துறைகளில் நன்கறியப்பட்ட தொழிலாகும். சென்னைக் கரையில் அலைகளைக் கடக்கப் பயன்பட்ட மசூலாப் படகு ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பெற்றது. தையல் தளர்ந்தபோது அதனைக் கரையேற்றி மீண்டும் தைத்தனர். சிறு கலத்திற்கு மணற்கரையே உலர்துறையாக அமைந்தது எனலாம்.

இடர்ப்பாடு பெருங்கலத்திற்கே உரியது. ஓதம் உயரும்போது கலத்தை உள்ளே செலுத்திக் கதவடைத்து, ஓதம் தாழும்போது நீரை வடித்தல் பழைய உலர்துறையின் முறையாகும். இதற்கு ஓத வேறுபாடு மிகுந்திருத்தல் வேண்டும். பம்பாயில் அது 4 மீட்டரையும் கடக்கும். சென்னைக் கரையிலோ ஏறத்தாழ 1 மீட்டர் அளவினதே. மேலும் இக்கரை திறந்த மணற்கரை. பழவேற்காட்டு ஏரி பரந்ததாயினும் அதன் முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஆழம் குன்றியது. ஆகவே 1613-ஆம் ஆண்டில் அங்குக் கெல்திரியாக் கோட்டையை நிறுவிய டச்சுக்காரரின் பெருங்கலங்களும் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. கலம் கட்டவும் செப்பனிடவும் ஐரோப்பிய வணிகர் வடக்கே கோதாவரி முகத்திலுள்ள நரசாபுரத்தை நாடியமைக்கு ஆற்றுத்துறை அங்கு வாய்த்தமையே காரணமாகும்.

இக்குறை அரசியல் வரலாற்றையே மாற்றியது என்பதற்கு 1746-ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். அவ்வாண்டு சூலைத் திங்களில் நாகப்பட்டினத்திற்கு அப்பால் பெய்ட்டன் தலைமையில் ஆங்கிலேயரும் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரரும் கடற்போர் புரிந்தனர். வெற்றி தோல்வி தெளிவாகவில்லை. பெய்ட்டன் திருகோணமலை சென்று தம் கலங்களை இயன்ற அளவு சீர்செய்துகொண்டு மீண்டார். பின்னர் அவருடைய அணி பழவேற்காட்டை அடைந்தது. ஆங்கு நின்று சென்னையைக் காக்கும் என எதிர்பார்க்கப்பட்ட அவ்வணி, நில்லாது வங்கம் நோக்கிச் சென்றுவிட்டது. 60 பீரங்கிகள் தாங்கிய ‘மெட்வே’ அவ்வணியின் வலிமை மிக்க கலம். அதில் நீர் மிகுதியாகக் கசிந்தது. தன் பீரங்கிகளைச் சுடும் அதிர்ச்சியையே அக்கலம் தாங்காது என அஞ்சினர் என ஓர்ம் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. ஆங்கிலேயர் அதனை மீளப் பெற்றது 1749-ஆம் ஆண்டிலேயாம்.

பெய்ட்டனின் கோழைமையே இதற்குக் காரணம் என அக்காலத்தார் பழித்தனர்; அவர் சிறைப்படுத்தவும் பெற்றார். அவருடைய துணிவின்மையை நாம் மறுக்க முன்வரவில்லை. ஆயினும் கசியும் கலத்தின் அடியைத் திறந்து காண ஓரிடமும் இல்லாத கரையில் தலைவனின் துணிவு எவ்வளவு பயன்படும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். பின்னிகழ்ந்தவை இக்கருத்தை வலியுறுத்துகின்றன. பம்பாயில் 1750-ஆம் ஆண்டில் உலர்துறை அமைந்தபின் ஆங்கிலேயர் அணிகள் மழைக்காலத்தில் அங்கே செல்வது வழக்கமாயிற்று. 1758 திசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது போக்காக்கின் அணி பம்பாயில் இருந்தது. 1782-ஆம் ஆண்டில் சுப்ரேனோடு பொருத பின்னர் இயூசும் பம்பாய்க்கே சென்றார். வடகீழ்ப் பருவக்காற்றின் கொடுமையும் உலர்துறையின் இன்மையும் சேர்ந்து ஆண்டில் சில திங்கள் இக்கரையைக் காவலற்றதாக்கின.

ஓதம் தராத உயர்வைப் பொறி தந்தபோதே இந்நிலை மாறியது. பழவேற்காட்டிற்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட காட்டுப்பள்ளியில் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்தின் கப்பல் தளம் 2013-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அங்குள்ளது பழைய முறையில் அகழ்ந்த துறையன்று. 200 மீட்டர் நீளமுள்ள தூக்குமேடையாகும். மேடையை நீருள் இறக்கி, அதன்மேல் கப்பலை நிறுத்தி, இருபுறமும் அமைந்த பொறிகளால் கப்பலோடு சேர்த்து உயர்த்துவர். பின்னர்ச் சக்கர வண்டிகளால் கப்பலை நிலத்திற்கு நகர்த்துவர். ஒரு கப்பல் நிலத்தில் செப்பம் பெறும்போதே மேடை மற்றொன்றை ஏற்கும் என்பது இம்முறையின் சிறப்பு. இந்தியக் கடற்படைக்கென 185 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உடைய மிதவை உலர்துறை ஒன்றும் இங்கே கட்டப்பெற்று 2017-ஆம் ஆண்டில் கடலில் இறக்கப்பட்டது. உலர்துறை இல்லாதிருந்த கரை உலர்துறையையே கட்டி அளித்தமை குறிப்பிடத்தக்கது.

2022 ஆகஸ்டில் ‘சார்லசு துரூ’ என்னும் அமெரிக்கக் கடற்படைக் கலம் செப்பம் பெற இங்கு வந்தது. அந்நாட்டுக் கடற்படைக் கலம் ஒன்று இந்தியாவில் செப்பனிடப்பெற்றது அதுவே முதன்முறை. 2024 மார்ச்சில் பிரித்தானியக் கடற்படையின் துணைக்கலங்களான ‘ஆர்கசு’, ‘லைம் பே’ ஆகியவையும் பேணற்பணிக்காக இங்கே வந்தன. செப்பனிட இடமின்றி 1746-இல் இக்கரையை விட்டகன்ற நாட்டினரின் கலங்கள் 278 ஆண்டுகளுக்குப்பின் செப்பம் நாடி இக்கரைக்கே வந்தன என்பதை வரலாற்று மாணவர் நினைவிற் கொள்வாராக.

எனினும் கரையின் இயல்பு மாறிவிடவில்லை. இங்கு மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர் எதிர்த்தமைக்கு இவ்வரிப்பைப் பற்றிய அச்சமும் ஒரு காரணமாகும். பெருங்கலத்திற்குப் பொறி உதவியது. கட்டுமரத்திற்கும் சிறு படகிற்கும் இன்றும் மணற்கரையே உலர்துறை. ஒன்றைப் பெறும் முயற்சியில் மற்றொன்றை இழத்தல் தகாது. அன்று இக்கரையின் இயல்பை அறிந்திருந்தவர் மீனவரே. இனி அக்கரையில் எழும் பணிகளுக்கும் அவர்தம் அறிவு துணையாதல் வேண்டும் என்பது நம் துணிபு.