பொன்முடி முதல் பால்டர்ஸ் கேட் வரை: காதல் காட்சியும் ஆடுவோர் எதிர்பார்ப்பும்

காதல் காட்சியில் எவ்வளவு காட்டலாம் என்ற விவாதம் சேலம், நாமக்கல் சமவெளிக்குப் புதிதல்ல. நாமக்கல் மாவட்டப் புதுச்சத்திரத்தில் பேருந்து ஏறி வடக்கே போனால் சேலம். அங்கே ஏற்காடு சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இலேயே அந்த விவாதத்தைச் சந்தித்துவிட்டது. நிறுவனர் டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். அவர் தயாரித்து, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘பொன்முடி’ அந்த ஆண்டு வெளிவந்தது. பி.வி. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் நடித்த காதல் காட்சிகள் அளவுக்கு மீறி நெருக்கமாக இருப்பதாகக் கண்டனம் எழுந்தது. அமெரிக்கரான டங்கன் மீதுதான் பழி விழுந்தது. ஆனால் கதை அமெரிக்காவிலிருந்து வந்ததன்று. பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியமே அந்தப் படத்துக்கு மூலம்.

ஏட்டில் படித்து ரசித்ததையே வெள்ளித்திரையில் ஏற்க மறுத்தார்கள் என்பது இங்கே முக்கியம். பண்பாடு ஒன்றுதான், ஊடகம் மாறியதும் கூச்சத்தின் எல்லையும் மாறியது. வீடியோ கேம்களில் வரும் காதல், நிர்வாணக் காட்சிகளைப் பற்றிய இன்றைய பேச்சையும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

சினிமாவுக்குக் காலப்போக்கில் ஒரு வழி பிறந்தது. 1949-இல் வந்த திருத்தம் ‘யு’, ‘ஏ’ என இருவகைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. 1952-இல் ஒளிப்பதிவுச் சட்டம் வந்தது. கதைக்குத் தேவையென்றால் முத்தத்தையும் நிர்வாணத்தையும் மறுக்க வேண்டியதில்லை என்று 1969-இல் தணிக்கையை ஆராய்ந்த ஜி.டி. கோஸ்லா குழு அறிக்கை தந்தது. 1983-இல் ‘யுஏ’ சேர்ந்தது. 2023-இன் திருத்தம் அதை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்தது. தணிக்கையின் வெட்டுகளில் எனக்குப் பல மனக்குறைகள் உண்டு. ஆனாலும் டிக்கெட் வாங்கும் முன்பே சுவரொட்டியில் ‘ஏ’ என்ற எழுத்தைப் பார்க்கிறோம். உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு தெரிந்தேதான் போகிறோம்.

விளையாட்டுகள் வந்தபோது இந்த ஏற்பாடு கூடவே வரவில்லை. பிரவுசிங் சென்டர்களிலும் நகல் சிடிக்களிலும் ஜிடிஏ விளையாட்டு வரிசை பரவிய காலத்தில், பெட்டியின் மேல் அச்சிட்ட வயதுக் குறியை ஆடுபவர் பார்க்கவே வாய்ப்பில்லை. குறியை நம்பியவர்களும் ஏமாந்தார்கள். அந்த வரிசையின் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டில் நிறுவனம் நீக்காமல் மறைத்து மட்டும் விட்டிருந்த ஒரு படுக்கையறைப் பகுதியை 2005-இல் ஆர்வலர்கள் தோண்டி எடுத்தார்கள். அமெரிக்க வயதுக் குறி அமைப்பு ஜூலையில் விளையாட்டின் குறியை ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என மாற்ற, கடைகள் பிரதிகளைத் திரும்ப எடுத்தன. இரண்டு ஆண்டு கழித்து, தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூர், பெண் பாத்திரத்துக்கும் வேற்றுக்கிரகப் பெண்ணுக்குமான காதல் காட்சிக்காக ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டைத் தடை செய்தது. சில நாளிலேயே 18 வயதுக் குறியோடு அனுமதித்து, 2008 ஏப்ரலில் விளையாட்டுகளுக்கென்றே வகைப்பாட்டு முறையையும் கொண்டுவந்தது.

அதே 2008-இல் இந்தியாவில் நடந்தது வேறு. ‘ஃபால்அவுட் 3’ இங்கே வராது என்று அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பண்பாட்டு உணர்வுகள் என்று காரணம் சொன்னார்களே தவிர, எந்தக் காட்சி, யாருடைய உணர்வு என்று விளக்கவில்லை. ‘பொன்முடி’யைப் பார்த்துவிட்டாவது திட்டினார்கள், இங்கே பார்க்கவே வழியில்லாமல் முடிவாகிவிட்டது.

ஆடுவோரின் எதிர்பார்ப்பு எப்படி மாறியது என்பதற்கு ‘தி விட்சர்’ வரிசையே நல்ல சான்று. 2007-இல் வந்த முதல் விளையாட்டில், நாயகன் கெரால்ட் ஒரு பெண்ணோடு கூடினால் அவள் படம் போட்ட சீட்டு ஒன்று ஆடுபவருக்குக் கிடைக்கும். சிறுவர் தீப்பெட்டிப் படம் சேர்ப்பதுபோல் பெண்களைச் சேர்க்க வைத்த அமைப்பு அது. எனக்கு ஒப்புதல் இல்லை. 2015-இன் மூன்றாம் விளையாட்டில் சீட்டு கிடையாது. நிர்வாணம் உண்டு, ஆனால் செயலுக்கு விளைவும் உண்டு. டிரிஸ், யெனஃபர் என்ற இரு பெண்களிடமும் ‘உன்னைத்தான் காதலிக்கிறேன்’ என்று சொல்லிவைத்தால், இருவரும் சேர்ந்து கெரால்டைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதன்பின் இருவரில் யாருமே கிடைக்கமாட்டார்கள். சினிமாவில் பார்வையாளர் சாட்சி மட்டுமே. விளையாட்டில் பேச்சைத் தேர்வு செய்வதும் நம்பிக்கையைக் கெடுப்பதும் ஆடுபவர்தான். காட்சியின் துணிவைக் காட்டிலும் அதற்கு இட்டுச்செல்லும் உறவு மெய்யாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இந்தப் பொறுப்பிலிருந்து பிறந்தது.

நிர்வாணமே இல்லாத ‘ஸ்டார்டியூ வேலி’யிலும் (2016) இதைக் காணலாம். வயலில் விளைந்ததைப் பரிசாகக் கொடுத்துக் கொடுத்து நெருக்கத்தைக் காட்டும் இதயக் குறி எட்டு சேர்ந்தபின் பூங்கொத்து, பத்து சேர்ந்தபின் திருமணத்துக்குக் கேட்கும் பதக்கம். ‘சைபர்பங்க் 2077’ (2020), ‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) இரண்டும் நிர்வாணத்தை மறைக்கும் தெரிவை அமைப்புப் பக்கத்திலேயே வைத்தன. வீட்டுக் கூடத்தில் எல்லோர் கண்ணெதிரே ஆடுபவருக்கு அந்த ஒரு பொத்தான் போதும். தனியறையில் ஆடும் பெரியவருக்கும் எதுவும் குறைவதில்லை.

இன்று புதுச்சத்திரத்தில் ஒருவர் கைபேசியில் பிளே ஸ்டோரைத் திறந்தால் விளையாட்டின் பெயரோடு 12+, 16+ என்ற குறி தெரியும். அதை இந்திய அமைப்பு எதுவும் வழங்கவில்லை. உருவாக்கியவர் நிரப்பும் கேள்வித்தாளை வைத்து ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு தரும் பொதுக் குறி அது. திரைப்படத் தணிக்கை வாரியத்தின் அதிகாரம் விளையாட்டுகளுக்கு எட்டாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டத்தின் மையமும் பணம் வைத்து ஆடுவதைத் தடுப்பதுதான்; காதல் காட்சியை வகைப்படுத்துவதன்று.

எனவே கோரிக்கை இரண்டு. இந்தியாவில் விற்கும் விளையாட்டுகள், உள்ளே என்ன காட்சி இருக்கிறது, எதை வெட்டியிருக்கிறார்கள் என்பதை வாங்கும் பக்கத்திலேயே தமிழில் தெரிவிக்க வேண்டும். தமிழில் விளையாட்டு விமர்சனம் செய்வோர், சட்டம் வரும்வரை காத்திராமல், அந்த விவரத்தை விமர்சனத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.