கை மாறிய புரொஜெக்டர்

1905ஆம் ஆண்டு திருச்சியில் ஒரு பழைய புரொஜெக்டர் 2,250 ரூபாய்க்கு விலைபோனது. விற்றவர் டூபாண்ட். ஊர் ஊராகப் படம் காட்டிவந்த பிரெஞ்சுக்காரர். உடம்புக்கு முடியாமல் போகவே, எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப நினைத்தார். வாங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர், தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர், மாதச் சம்பளம் 25 ரூபாய். ஏழரை ஆண்டுச் சம்பளத்தை, இன்னொருவர் ஓட்டித் தேய்ந்த ஓர் இயந்திரத்துக்காகக் கொடுத்தார் அந்த இளைஞர். கூடவே இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் உள்ளிட்ட சில சுருள்களும் வந்தன.

சலனப்படம் தமிழ்நாட்டுக்கு அப்போது முற்றிலும் புதிதல்ல. 1897லேயே சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் எட்வர்ட்ஸ் என்பவர் காட்டியிருக்கிறார். ஆனால் அது மாநகரத்து மண்டபம். வின்சென்ட் போகவிருந்த ஊர்கள் பலவற்றில் மண்டபமும் இல்லை, மின்சாரமும் இல்லை.

அங்கேதான் உண்மையான வேலை ஆரம்பம். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு சட்டகத்தின் அகலம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். அதைப் பத்தடி அகலத் திரையில் விழச்செய்தால் படம் அகலத்தில் சுமார் 127 மடங்கு பெருகும். பரப்பிலோ 16,000 மடங்குக்கு மேல். விளக்கிலிருந்து வரும் வெளிச்சம் அத்தனை மடங்கு பரந்து மெலிய வேண்டும். வீட்டுச் சுவரில் புரொஜெக்டர் வைத்துப் பார்ப்பவர்கள் இன்றும் படும் பாடு இதுதான்: திரையைப் பெரிதாக்கினால் படம் மங்கும், பளிச்சென்று வேண்டுமானால் திரை சிறுக்கும்.

மின்சாரம் இருந்த இடத்தில் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே எழும் சுடர் வெளிச்சம் தந்தது. இல்லாத இடங்களில் அக்காலத்துப் படக்காட்சிக்காரர்கள் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் வெண்மையாக ஒளிரும்வரை சூடேற்றினார்கள். சிலர் ஈதர் விளக்கை நம்பினார்கள். 1897 மே மாதம் பாரிஸில் ஓர் அறக்கொடைச் சந்தையில் அத்தகைய விளக்கிலிருந்து பரவிய தீயில் 120க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். படச்சுருளும் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை. அடைத்த கூடாரத்துக்குள் தீயையும் நைட்ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மக்களைக் கூட்டியவர்களின் துணிச்சலை நாம் போதிய அளவு பேசவில்லை.

புரொஜெக்டரின் கைப்பிடியைச் சுற்றுவதும் ஒரு கலைதான். நொடிக்கு ஏறக்குறைய 16 சட்டகம் என்ற வேகம் பிசகினால் திரையில் மனிதர்கள் ஓடுவார்கள், அல்லது தள்ளாடுவார்கள். ஆயிரம் அடிச் சுருள் அந்த வேகத்தில் 16 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். திரை, இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. பின்பக்கமிருந்து படம் காட்டுவதானால் ஒளி நன்றாக ஊடுருவட்டும் என்று அதைத் தண்ணீரில் நனைப்பதும் உண்டு.

வின்சென்ட் ரயில்வே வேலையை விட்டார். கூடாரத்தோடு கிளம்பியவர் லாகூர், பெஷாவர் வரை போனார், பர்மாவுக்கும் போனார். சென்னை எஸ்பிளனேடில் அவர் நடத்திய எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன் என்ற படக்காட்சி கூட்டத்தை இழுத்தது. பிறகு பாத்தே நிறுவனத்தின் புரொஜெக்டர்களுக்கு முகவரானார். பழைய கருவி வாங்கிய கைதான் மற்றவர்களுக்குப் புதிய கருவி விற்றது. 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டினார். கோவைக்கு மின்சாரம் தந்த பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல்தான் இயங்கத் தொடங்கியது. அதற்கு வெகு முன்பே, தம் தொழிலுக்கான மின்சாரத்தை அவர் சொந்தமாகவே உற்பத்தி செய்துகொண்டார். 1933இல் ‘வள்ளி திருமணம்’ பேசும் படத்தின் தயாரிப்பிலும் பங்கேற்றார். 1942இல் மறைந்தார். கோவையில் வெரைட்டி ஹால் சாலை இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அவர் வழியில் வந்தவையே டூரிங் டாக்கீஸ்கள். மணல் தரை, கீற்றுக்கொட்டகை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம். பல கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான்; சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டாக வேண்டும். அதனால் ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளைகள். முறுக்கும் சோடாவும் விற்றவர்களுக்கு அது நல்ல காலம். நகரத் தியேட்டர்கள் கழித்த இயந்திரங்கள் இப்படிப்பட்ட கொட்டகைகளில் இன்னொரு ஆயுள் வாழ்ந்தன. ஒன்றின் லென்ஸும் இன்னொன்றின் பற்சக்கரமுமாகச் சேர்த்து ஆபரேட்டர்கள் அவற்றை ஓட்டினார்கள். தமிழ்ச் சினிமாவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனதில் நட்சத்திரங்களுக்கு நிகரான பங்கு அவர்களுக்கு உண்டு. நம் சினிமா வரலாற்று நூல்கள் அவர்களுக்கு ஒதுக்கிய பக்கங்கள் மிகக் குறைவு.

டிஜிட்டல் வந்தபின் படச்சுருள் இயந்திரங்கள் இரும்பு விலைக்குப் போயின. எங்காவது ஒரு மூடிய தியேட்டரின் ஆபரேட்டர் அறையில் இன்னும் ஒன்று நின்றுகொண்டிருக்கலாம். உங்கள் ஊரில் அப்படி இருந்தால், காயலான் கடைக்காரர் வருவதற்குள் அதை ஓட்டியவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். அது எந்தத் தியேட்டரிலிருந்து வந்தது, எத்தனை கை மாறியது என்று கேட்டு எழுதி வையுங்கள்.