மூன்று மனுக்கள்

பூங்காவில் நிற்கும் சிலையைப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் சிலை அப்படியல்ல. அங்கே யாரும் சாவகாசமாகப் போவதில்லை. வழக்கு இருக்கிறது, போகிறார்கள். போகிறவனுடைய கட்சியை நீதிபதி கேட்பதற்கு முன்பே வாசலில் நிற்கும் கல் அவனிடம் எதையோ சொல்லிவிடுகிறது. ஜெய்ப்பூர் மனு சிலை பற்றிய சர்ச்சையை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

ராஜஸ்தான் உயர்நீதிமன்றத்தின் ஜெய்ப்பூர்க் கிளை வளாகத்தில் அந்தச் சிலை 1989-இல் வைக்கப்பட்டது. வைத்தவர்கள் அரசியல் கட்சிக்காரர்கள் அல்லர். நீதித்துறை அதிகாரிகளின் சங்கத்தினர். செலவுக்கு லயன்ஸ் கிளப் உதவியது. எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் நீதிபதிகள் கூடிச் சிலையை அகற்றுவதென்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தை எதிர்த்து, விசுவ ஹிந்து பரிஷத்தைச் சேர்ந்த ஆசார்ய தர்மேந்திரா அதே நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். இடைக்காலத் தடை கிடைத்தது. சிலை நின்றது.

2018 அக்டோபரில் ஔரங்காபாதிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பீடத்தின்மேல் ஏறி அதன்மீது கறுப்புச் சாயம் பூசினார்கள். கைதானார்கள். அப்போது இடைக்காலத் தடைக்கு வயது 29. வழக்கு முடிந்திருக்கவில்லை.

சிலைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முக்கியமான வாதம், மனு முதல் சட்டகர்த்தா என்பது. சரித்திரத்துக்குச் செய்யும் மரியாதை, அவ்வளவுதான் என்பது. வாஷிங்டனில் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் சுவர்ச் சிற்பங்களில் ஹம்முராபியும் சோலோனும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், 18 பேரில் இரண்டு பேராக. தவிர, ஹம்முராபி வகுத்த தரங்களுக்குள் பிறந்து அவமானப்படுகிறவன் இன்று உலகத்தில் யாருமில்லை. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் குற்றத்தை மட்டும் பார்ப்பதில்லை, குற்றவாளியின் வர்ணத்தையும் பார்க்கிறது. எந்தக் குற்றம் செய்தாலும் பிராமணனைக் கொல்லக்கூடாது என்கிறது. இருபிறப்பாளனை இழித்துப் பேசிய சூத்திரனின் நாக்கை அறுக்கச் சொல்கிறது. 1927 டிசம்பர் 25-ஆம் தேதி மஹாடில் அம்பேத்கர் முன்னின்று எரித்தது இந்த நூலைத்தான். அவர் தலைமையில் எழுதப்பட்ட அரசியல் சாசனத்தின் பதினான்காவது பிரிவு இந்த அத்தியாயத்துக்கு நேர் எதிரானது. அந்தச் சாசனத்தின் பேரில் சத்தியம் செய்து பதவியேற்கிறவர்களின் வாசலில் இவர் தனியாக நிற்பது சரித்திர மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் வடக்கத்திச் சமாச்சாரம் என்று நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலும் ஒரு மனு இருக்கிறார். கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன். எங்கள் மனு வேறு என்பது நமக்குச் சௌகரியமான பதில். அந்தப் பெயர் எப்போது ஒட்டிக்கொண்டது என்று பார்த்தால் சௌகரியம் கொஞ்சம் குறைகிறது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி இந்தக் கதையைப் பாண்டியனிடம் சொல்கிறாள். அரசனுக்கு அங்கே பெயர் இல்லை. மகாவம்சத்தில் அவன் ஏலாரன், நாம் சொல்லும் எல்லாளன். 12-ஆம் நூற்றாண்டில், திருவாரூரில் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டிலும் பிறகு சேக்கிழாரிடமும் அவன் மனு. பேரரசுச் சோழர்கள் சூரிய வம்சத்தவராகவும் மனுவின் நெறியில் நடப்பவர்களாகவும் தங்களை மெய்க்கீர்த்திகளில் எழுதிவைத்துக்கொண்டார்கள். பழைய கதையின் பெயரில்லாத அரசனுக்கு அவர்கள் காலத்தில் இந்தப் பெயர் வந்து சேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. ஆகவே எங்கள் மனு முற்றிலும் வேறு என்று நாம் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் சேக்கிழார் இந்த இடத்தில் செய்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பசுவைக் கொன்றதற்கு மனுஸ்மிருதி மரணதண்டனை விதிக்கவில்லை. பதினோராம் அத்தியாயத்தில் மூன்று மாத விரதமும் தானமும் சொல்லி முடித்துவிடுகிறது. பெரியபுராணத்து மந்திரிகளும் மறையவர் வகுத்த பரிகாரத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். அரசன் மறுக்கிறான். வேறொருவன் உயிர்க்கொலை செய்தால் அவனைக் கொல்லுவேன், என் மகனுக்கு மட்டும் பரிகாரமா என்பது அவன் கேள்வி. அப்படிச் செய்தால் மனுநூலை அழித்தவன் என்ற பழி தனக்கு வரும் என்கிறான். நூலில் உள்ள சலுகையை நூலின் பெயரைச் சொல்லியே தள்ளிவிடுகிறான். சேக்கிழார் இதை அறிந்தே செய்தாரா என்ற ஆராய்ச்சி வேண்டாம். குற்றவாளி யார் மகன் என்று பார்க்கிற நீதியும் பார்க்காத நீதியும் ஒரே பெயரில் தமிழில் இருந்திருக்கின்றன என்பது போதும்.

மூன்றாவது மனு நம் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் எழுதுகிறவர்களிடம் கொடுத்து எழுதிவாங்கி, ஸ்டாம்பு ஒட்டி, கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பது. நாக்கை அறுக்கச் சொன்ன நூலின் ஆசிரியர் பெயரும், நாக்கில்லாத பசுவுக்கு மணி கட்டிய அரசன் பெயரும், குறை சொல்ல வருகிறவன் கையிலுள்ள காகிதத்தின் பெயரும் தமிழில் ஒன்றாகிப் போயின.

2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றப் பதிவாளர், நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் உருவங்கள் மட்டுமே இருக்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அம்பேத்கர் படம் போய்விடும் என்று வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். எந்தத் தலைவர் படத்தையும் அகற்றும் உத்தரவு இல்லை என்று பிறகு அரசு விளக்கம் சொன்னது. கலவரம் வராமலிருக்கப் பட்டியல் போடுவது நிர்வாகம். ஜெய்ப்பூரில் தடை கொடுத்துவிட்டுக் காத்திருந்ததும் நிர்வாகமே. யார் உருவம் எதற்காக இருக்கிறது, எதற்காகக் கூடாது என்று காரணம் எழுதிச் சொல்வதற்குத்தான் தீர்ப்பு என்று பெயர். கதையில் வரும் சோழன் மணிச் சத்தம் கேட்டு வெளியே வந்தான். வாய்தா கொடுக்கவில்லை.